பொதுமக்கள் நடக்காத பாதை

ஓடைமேட்டுக் காலனியில் குடியிருக்கும் அத்தனை பேருக்கும் நடந்த அநியாயத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த வரி நிறைமதிக்கு மனப்பாடம். ‘மேற்படி பாதையைப் பொதுமக்கள் எவரும் பயன்படுத்துவதில்லை, காலனி மக்கள் மட்டுமே பயன்படுத்தி வருகின்றனர்.’ இடத்தைப் பார்வையிட வந்த ஆய்வாளர் ஒருவர் இப்படி எழுதிவிட்டுப் போனார், எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுமிருப்பார். அந்த வரியால் அந்தப் பாதை பொதுப்பாதை இல்லை என்று ஆயிற்று. பொதுப்பாதை இல்லை என்பதால் அது ஓடிய வயலோடு சேர்த்து அதையும் மனை போட்டு விற்க மயில்வாகனனுக்கு அனுமதி கிடைத்தது. கிடைத்த கையோடு ‘மயில்வாகனா நகர்’ என்று வளைவு வைத்து, வெள்ளையடித்த கல் நட்டு, காலனிக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேலே சுவரும் எழுப்பிவிட்டார்கள். இப்போது காலனிக்காரர்கள் ரோட்டுக்கு வர ஏரிக்கரையைச் சுற்றவேண்டும். கரையில் சைக்கிள் போகும், ஆடு போகும், மழை பெய்தால் ஆடும் போகாது. அதற்கு ஆட்சேபம் சொல்லத்தான் நகரமைப்பு அலுவலகத்து வராந்தாவில், முதுகுப் பலகை இல்லாத ஒரு பெஞ்சில், அண்ணி சுகந்தியும் நிறைமதியும் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுக்கு மேலே மின்விசிறி இருந்தது, அது ஓடியது, காற்றெல்லாம் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்புக்குத்தான் போனது. சொல்லவேண்டியதை நிறைமதி மனசுக்குள் மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே. இல்லை, மதிப்பு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஐயா. ஐயாவா அம்மாவா, கதவுப் பலகையில் பேருக்கு முன்னால் ‘திருமதி’ என்று இருந்ததே, அப்போது அம்மா, அம்மா வேண்டாம், மேடம். மேடம், உங்கள் ஆய்வாளர் எழுதியிருப்பது ஒரு வரிதான். ஒரு வரி என்றால் ஒரு வரிதானே என்பார்கள். உங்கள் ஆய்வாளர் எழுதியிருப்பது ஒரு வரி அல்ல மேடம், ஒரு சுவர். சே, மேடைப்பேச்சு. கைதட்ட இங்கே யார் இருக்கிறார்கள், பல்லியா.

“இன்னா மதி, உதடு அசையுது? மந்திரமா?” என்றாள் அண்ணி. பேசப்போவதைச் சொல்லிப் பார்ப்பதாக நிறைமதி சொன்னதும், “உள்ள போயி அந்தம்மாவுக்குக் கிளாஸ் எடுத்துடாத தாயே. எனக்கு ஒண்ணுக்கு வருது, சீக்கிரம் முடிக்கணும்” என்று சொல்லிவிட்டு, புடவை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வயிற்றின் மேல் ஒரு கையைப் போட்டபடி சுவரில் தலையைச் சாய்த்தாள். மாசம் நிறைந்துவிட்டது அண்ணிக்கு. இன்றோ நாளையோ என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, எப்போது வேண்டுமானாலும் என்று சொன்னார்கள், அது இன்னும் மோசம். வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியாயிற்று. மனுவில் கையெழுத்து என்னோடது, நான் இல்லாம நீ மட்டும் போயி யாருன்னு சொல்லுவ என்றாள். நீ மட்டும். மட்டும். இந்தச் சொல்தான். வாக்கியத்தில் இருக்கிற எல்லாச் சொல்லையும் மன்னித்துவிடலாம், மேற்படியை மன்னிக்கலாம், எவரும்-ஐக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிக்கலாம், இந்த மட்டுமே-யை மன்னிக்க முடியாது. ‘காலனி மக்கள் பயன்படுத்தி வருகின்றனர்’ என்று நிறுத்தியிருந்தால் பாதைக்கு ஆள் இருந்தது. ‘மட்டுமே’ வந்ததும் ஆள் இல்லாமல் போய்விட்டது. இருக்கிற ஆட்களையே காட்டி ஆள் இல்லை என்று சொல்ல எவ்வளவு சின்னச் சொல் போதும் பாருங்கள். அவள் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கிறாள். இதை வைத்து அங்கே ஒரு கட்டுரையே எழுதலாம், மதிப்பெண் போடுவார்கள், சுவர் விழாது. மட்டு என்றால் அளவு, எல்லை. அதுமட்டும் என்றால் அதுவரைக்கும். மட்டுப்படுத்து. மட்டம். மட்டம் என்றால் சமம் என்றும் அர்த்தம், கீழானது என்றும் அர்த்தம், ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் கூச்சமில்லாமல் வேலை செய்கிறது. ரசமட்டம். அப்பாவின் கொத்துவேலைப் பையில் கரணை, தூக்குக்குண்டு, நூல்கண்டு, அதற்கடியில் மஞ்சள் நிற ரசமட்டம், அதற்குள் நெளிகிற ஒரு சொட்டுக் காற்று. அந்தச் சொட்டு இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நிற்கும்வரை அப்பா மூச்சுவிட மாட்டார். அந்தச் சுவரிலும் அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

ஆமாம், அந்தச் சுவரைக் கட்டினது அப்பாதான். அப்பாவும் காலனி ஆட்கள் இன்னும் சிலரும். வேறு ஊர் ஆட்களைக் கூட்டிவந்தால் செலவு, பக்கத்திலேயே கொத்தனார்கள் இருக்கும்போது எதற்கு என்று மேஸ்திரி கூப்பிட்டார், இவர்களும் போனார்கள். எங்கே எழும்புகிறது என்று தெரியாமலா? முதலில் மனைக்குச் சுற்றுச்சுவர் என்றுதான் சொன்னார்களாம், பாதைக்கு நேரே வரும்போது இடைவெளி விடுவார்கள் என்று இவர்களே நினைத்துக்கொண்டார்களாம். இடைவெளி விடாமல் நூல் பிடிக்கச் சொன்னபோது அப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார், “இதுல போக்குவரத்து இருக்குதுங்களே?” கேட்டதற்குப் பதில், “உனக்குச் சுவரு கட்டத் தெரியுமா தெரியாதா?” தெரியும். தெரிந்ததால் கட்டினார். இதைச் சொல்லும்போது அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை, இரண்டு பேரும் தொலைக்காட்சியில் யாரோ சமையல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, யார்மேல் என்று பிடிபடவில்லை, பூண்டு உரித்துக்கொண்டிருந்த அந்தச் சமையல்காரர் மேல் கோபப்பட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். உள்ளே அந்த அம்மாள் கேட்டால்? உங்க ஆட்களேதானே கட்டினாங்க, அப்ப ஏன் ஆட்சேபம் சொல்லலை என்று? கேட்பார்கள். நிச்சயம் கேட்பார்கள். அதற்குப் பதில் தயாராக இல்லை. கைதி தன் ஜெயிலையே கட்டுவதில்லையா என்று சொல்லலாம், அது வாதம் இல்லை, வசனம். கூலிக்குக் கட்டுவது சம்மதம் ஆகாது மேடம். ஆகுமா? நியாயப்படி ஆகாது. நியாயப்படி என்னென்னவோ ஆகாது.

மடியில் மனைப்பிரிவு விதிப் புத்தகம் இருந்தது. அதைத் திறந்தாலே முதலில் வருவது சொற்பொருள் விளக்கம்தான், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அகர வரிசையில். ‘உட்பிரிவு’ என்பது. ‘கட்டடம்’ என்பது. ‘கால்நடைக் கொட்டகை’ என்பது. மாடு கட்டுகிற இடத்துக்கு என்ன அழகாக விளக்கம் கொடுத்திருக்கிறார்கள், எந்தச் சந்தேகமும் வராது, எந்த மாடும் ஏமாறாது. ‘படிக்கட்டு’ என்பது ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்கு ஏறவோ இறங்கவோ உதவும் அமைப்பு. அடேயப்பா. படிக்கட்டு என்றால் என்னவென்று தெரியாமல் இந்த ஜில்லாவில் எத்தனை பேர் கீழ்த்தளத்திலேயே நின்றுபோனார்களோ. ‘பால்கனி’ என்பது. ‘பூங்கா’ என்பது. ‘பொதுப்பாதை’ என்பது பொதுமக்கள் வழக்கமாகப் போய்வரும் பாதை. அது மனைப்பிரிவுக்குள் வந்தால் அதைச் சாலையாகவே விட்டுவைக்க வேண்டும். சரி, நல்லது, ரொம்ப நியாயம். அடுத்து ‘பொதுமக்கள்’ என்பது என்று வரவேண்டிய இடத்தில் நேராக ‘மதிற்சுவர்’ வந்துவிடுகிறது. அச்சுப் பிழையோ என்றுகூட முதலில் தேடினாள். இல்லை, பிழை இல்லை. பொதுமக்கள் யார் என்று எழுதவேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை, அதுதான் எல்லோருக்கும் தெரியுமே. படிக்கட்டு தெரியாதவர்களுக்குக்கூட அது தெரியும். ஆக, நான்தான் எழுதவேண்டும், நானே ஒரு விளக்கம் எழுதிக்கொண்டுபோய் அந்த அம்மாள் மேஜைமேல் வைக்கவேண்டும். ‘பொதுமக்கள்’ என்பது சாதி, மதம், பால் வேறுபாடின்றி. கூடாது, வேறுபாடின்றி என்று எழுதும்போதே வேறுபாடுகள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன. ‘பொதுமக்கள்’ என்பது அனைவரையும், காலனி மக்கள் உட்பட, குறிக்கும். உட்பட! யாரையாவது தனியாகச் சொல்லி உட்பட என்றால் சொல்வதற்கு முன்னால் அவர்கள் உட்படவில்லை என்றுதானே ஆகிறது. ஆண்கள் உட்பட மனிதர்கள் என்று எவனாவது எழுதுவானா. ‘பொதுமக்கள்’ என்பது மக்கள். ஆமாம், ‘பொது’வை எடுத்துவிட்டால் தீர்ந்தது. எடுக்க விடுவார்களா.

“அந்தப் புஸ்தகத்துல ஒங்கண்ணன் எப்ப வருவான்னு போட்டிருக்குதா பாரு” என்றாள் அண்ணி கண்ணைத் திறக்காமல். அண்ணன் திருப்பூரில் சாயப் பட்டறையில் இருந்தான். வருகிறேன் வருகிறேன் என்று போனில் சொல்கிறவன். “வலி வந்ததும் சொல்லு, ஒடனே பஸ் ஏறிடறேன்றான். இவரு பஸ் ஏறி வர்றதுக்குள்ள ஒம் மருமவன் பஸ்ஸு ஓட்டப் பழகிடுவான்.” நிறைமதி சிரித்தாள், சிரிப்பு பாதியில் சுவரில் முட்டிக்கொண்டது. வேதவல்லி அக்கா. மழைக்காலத்தில், பகலே இருட்டிக்கிடந்த ஒரு நாளில், வேதவல்லி அக்காவுக்குப் பனிக்குடம் உடைந்துபோய், ஆம்புலன்ஸ் வந்தும் வந்துவிட்டது, எங்கே வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்திலிருந்து சைரன் கேட்டது, சுவருக்கு மேலே நீல விளக்கு சுற்றுவது மரத்து இலைகளில் தெரிந்தது, டிரைவர் போனில், எங்கம்மா இருக்கீங்க, இங்க சுவருதான் இருக்குது என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் சாரம் கட்டுகிற ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, அக்காவைக் கட்டில் பலகையோடு கட்டி, நாலு ஆண்பிள்ளைகள் மேலே ஏற்றி, அந்தப் பக்கம் நாலு பேர் கை கொடுத்து இறக்கினார்கள். சுவர் உச்சியில் பலகை ஒரு கணம் இப்படியா அப்படியா என்று ஆடியது. ரசமட்டத்துச் சொட்டு மாதிரி. பிள்ளை பிழைத்துக்கொண்டது, அதற்கு ஏதோ நல்ல பெயர்தான் வைத்தார்கள், ஆனால் காலனி முழுக்க அவனைக் கூப்பிடுவது ‘சுவரேறி’ என்றுதான். டேய் சுவரேறி, இங்க வாடா. அண்ணிதான் அந்தப் பெயரை வைத்தாள். வைத்துவிட்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள், அப்போது அவள் வயிற்றிலும் ஒன்று தங்கியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது சிரிப்பதில்லை. தூக்கத்தில் ஒருநாள் பலகையை நேராப் புடிங்கடா என்று சொன்னாள். நிறைமதி கேட்டாள், கேட்காத மாதிரி படுத்திருந்தாள்.

செருப்புச் சத்தம், கூடவே ஜவ்வாது வாசனை, நிமிர்ந்தால் மயில்வாகனன். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் தெரியும்படி ஒரு கைப்பேசி, காதில் தெரியும்படி இன்னொன்று. “வாங்க வாங்க, எப்ப வந்தீங்க? சாப்ட்டீங்களா?” என்று கல்யாண வீட்டில் கேட்பதுபோல் கேட்டார். அண்ணியைப் பார்த்து, “அடடா, இந்த நெலமையில ஒன்னை யாரும்மா அலைய வெக்கிறது?” என்றார். “நீங்கதாங்க” என்றாள் அண்ணி. அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் அவர் தொழில். “பாப்பா என்ன படிக்கிற?” மொழியியல் என்று சொன்னாள். “அப்படின்னா?” “யாரு எந்த வார்த்தையை எதுக்குச் சொல்றாங்கன்னு பாக்கறது.” “ஓ, சண்டை புடிக்கிற படிப்பு” என்று சிரித்தார். “நல்லா படி. நானும் ஒங்க ஆளுங்களுக்கு நல்லதுதான் நெனைக்கிறேன். ஒங்கப்பாதானே சுவரு வேலை பாத்தது? கைத்தொழில்காரரு. ஒரு எடத்துல கோணல் கெடையாது.” சொல்லிவிட்டு எதிர்ப்பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவருக்கு நாற்காலி இருந்தது. கோணல் கெடையாது. ஒங்க ஆளுங்க. எங்க ஆளுங்க என்றால் யார், உங்க ஆளுங்க என்றால் யார், உங்களை யாராவது உங்க ஆளுங்க என்று சொல்லியிருக்கிறார்களா, நீங்கள் ஜனங்கள், நாங்கள் ஆளுங்கள். எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம் போல் இருந்தது நிறைமதிக்கு, அண்ணி அவளுடைய துப்பட்டா நுனியைத் தன் தொடைக்குக் கீழே போட்டு அழுத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். எப்போதிலிருந்து?

அந்த ஆய்வாளர் கெட்டவராகக்கூட இருக்கமாட்டார், யோசிக்க யோசிக்க அதுதான் பயமாக இருந்தது. லஞ்சம் வாங்கிக்கொண்டு பொய் எழுதினார் என்றால் நிம்மதி, பொய்யைப் பிடித்துவிடலாம். அவர் பொய்யே எழுதவில்லையோ என்னவோ. கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார். பாதையில் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், புல்லுக்கட்டு, சைக்கிள், எல்லாம் பார்த்தார், பார்த்துவிட்டு, பொதுமக்கள் யாராவது வருகிறார்களா என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. எல்லோரும் அப்படித்தானே பேசுகிறார்கள். பொதுத்தொகுதி, தனித்தொகுதி. நாங்கள் நிற்கிற தொகுதி தனி, அவர்கள் நிற்பது பொது. ஊர்ப்பொதுவில் திருவிழா வரி வசூல் என்றால் எங்கள் தெருவுக்கு வரமாட்டார்கள், வராததில் ஒரு லாபம் என்று அப்பா சொல்வார், லாபமாம். பஸ்ஸில் இன்றைக்குக் காலையில் கண்டக்டர் எங்கம்மா ஏறினீங்க என்று கேட்டபோது, ஊர் ஸ்டாப்பிங் இல்ல, அதுக்கு அடுத்தது ஏறினோம் என்று சொன்னது யார், நிறைமதிதான். அம்மா சாயங்காலம் ஊருக்குள்ள போயிட்டு வரேன் என்று கிளம்புவாள். எங்கிருந்து ஊருக்குள்ளே? நாம் இருப்பது ஊரில்லையா? ஊருக்கு வெளியிலிருந்து ஊருக்குள் போவதாக நாமே சொல்கிறோம், நாக்கு நம்முடையதுதான், வாக்கியம் யாருடையது. இதையெல்லாம் உள்ளே சொன்னால் மேடம் கடிகாரத்தைப் பார்ப்பார். வகுப்பில் சொன்னபோது பேராசிரியர், உணர்ச்சிவசப்படாம பேசுங்க என்றார். அவள், உணர்ச்சிவசப்படாமத்தான் சார் அவரும் எழுதியிருக்காரு என்றாள். வகுப்பு சிரித்தது, வாதத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் ஹாஸ்டல்வரை நடந்துபோனாள். ஜெயிப்பதென்றால் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். இங்கேயும் ஜெயிக்கத்தான் வந்திருக்கிறாளா, பாதைக்குத்தான் வந்திருக்கிறாளா? இரண்டும் ஒன்றுதான். ஒன்றுதானா? பக்கத்தில் அண்ணி மூச்சை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட்டாள். “வலியா?” “இல்லடி, உதைக்கிறான். ஒன்னை மாதிரி, சும்மா இருக்க மாட்டேன்றான்.” ஒன்றுதான், ஒன்றுதான், ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்.

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் அதிகாரி அம்மாள், கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி, களைத்த முகம், மோசமான முகம் இல்லை, அண்ணியைப் பார்த்ததும் அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இதை நிறைமதி எதிர்பார்க்கவில்லை, சேர்த்துவைத்திருந்த கோபத்தில் ஒரு பிடி அங்கேயே சிந்திப்போயிற்று. மயில்வாகனன் வணக்கம் வைத்து ஓரமாக உட்கார்ந்தார். மனுதாரருக்குப் பதிலாக இவள் பேசலாமா என்று கேட்டு, பேசலாம் என்றானதும், நிறைமதி பேசினாள். மனப்பாடம் செய்த எதுவும் வரிசையாக வரவில்லை, நடுவிலிருந்து தொடங்கி, முன்னால் போய், ஆம்புலன்சுக்கு வந்து, மறுபடி அந்த ‘மட்டுமே’யில் சிக்கி நின்றாள். அம்மாள் குறுக்கிடாமல் கேட்டார். “அந்த வாசகம் சரியில்லதாம்மா. நானே ஒத்துக்கறேன்” என்றார். “ஆனா பொதுமக்கள்னா யாருன்னு விதியில விளக்கம் கெடையாது. விளக்கம் இல்லாத சொல்லைப் பேச்சு வழக்குல என்ன அர்த்தமோ அப்படித்தான் எடுத்துக்கணும். அவரு அப்படித்தான் எடுத்திருக்காரு.” “யாரு வழக்குல மேடம்?” என்றாள் நிறைமதி. அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்க ஆளுங்கதானே சுவர் கட்டினாங்க என்று கேட்கவே இல்லை. அவ்வளவு நேரம் பயந்த கேள்வி வராமலே போனதும் நிறைமதிக்குக் கால் தடுமாறியதுபோல் இருந்தது.

“மேடம், நான் ஒண்ணு சொல்லலாங்களா” என்று மயில்வாகனன் முன்னால் நகர்ந்தார். “எனக்கும் மனசாட்சி இருக்குது. பாதை இருந்த எடத்துலயே சுவரை ஒடைச்சுடறேன். ஆம்புலன்ஸ் போற அளவுக்கு எடம் விட்டுடறேன். ‘காலனி மக்கள் பயன்பாட்டுக்கான தனிப்பாதை’ன்னு ரெண்டு பக்கமும் போர்டு வெச்சு, கேட்டு போட்டு, சாவியை அவங்ககிட்டயே குடுத்துடறேன். மனை வாங்கறவங்க ஆளுக்கொண்ணு கேப்பாங்க, அவங்களுக்கும் நான் பதில் சொல்லணும் இல்லீங்களா. போர்டு இருந்தா பிரச்சினை இல்ல.” அம்மாள் முகம் தெளிந்தது. “இது நல்ல யோசனைதாம்மா” என்றார் நிறைமதியிடம், உண்மையான சந்தோஷத்தோடு. “ஒத்துக்கிட்டீங்கன்னா இன்னைக்கே உத்தரவு போட்டுடலாம், நாளைக்கே சுவரை எடுத்துடுவாரு. இல்லன்னா மறுபடி ஆய்வு, மறுபடி விசாரணைன்னு போகும். எவ்வளவு நாள் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் சுவரு இருக்கும். தனிப்பாதைன்னு எழுதிக்கட்டுமா?” நாளைக்கே. நாளைக்கே சுவர் இல்லை. ஏணி இல்லை, பலகை இல்லை, நீல விளக்கு வாசல்வரை வரும். அதைத்தானே கேட்டு வந்தாய். ஒரு வார்த்தை, சரி என்று ஒரு வார்த்தை. தனி. அவர் கொடுக்கிற தனி. கொடுத்தவர் பூட்டை மாற்றினால்? மாற்றமாட்டார். மாற்றினால்? போர்டைப் பார்த்துப் பார்த்து அண்ணி பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும், கா, காலனி, தனி, இந்த வழி உனக்கு, அந்த வழி மற்றவர்களுக்கு, அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே மனப்பாடமாகிவிடும், அப்புறம் அதுவும் ஊருக்குள்ள போயிட்டு வரேன் என்று கிளம்பும். இருக்கட்டுமே, உயிரோடு கிளம்பட்டுமே. பிள்ளை இருந்தால்தானே படிக்க. இன்று ராத்திரி வலி எடுத்தால் நீயா பலகை பிடிப்பாய், உன் வாதமா பிடிக்கும்? யார் வயிற்றை வைத்து நீ ஜெயிக்கப் பார்க்கிறாய்? முழங்கைக்குக் கீழே அண்ணியின் விரல்கள் அழுந்தின. போதும், ஒத்துக்கொள் என்று அழுத்துகிறாளா, விடாதே என்று அழுத்துகிறாளா, விரலுக்கு விளக்கம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்டுப் பேசாத நிறைமதி திரும்பிக் கேட்டாள், எல்லோர் முன்னிலையிலும், “அண்ணி, நான் என்ன சொல்லட்டும்?”

அண்ணி மயில்வாகனனைப் பார்த்தாள். அம்மாளைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். “போர்டு நீங்க வெப்பீங்களா?” என்று மயில்வாகனனிடம் கேட்டாள். “ஏன், நானே நல்லா பெயின்ட் அடிச்சு வெக்கறேம்மா” என்றார் அவர். “ராத்திரியில லைட்டு போட்டா தெரியுமா?” “தெரியும் தெரியும், தூரத்துலேர்ந்தே தெரியும்.” அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள், சந்தையில் ஒரு பொருளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பவள் மாதிரி. “மதி,” என்றாள், “எனக்குக் கால் மரத்துப்போச்சு. கரை வழியா நடக்கணும், இருட்டறதுக்குள்ள போகணும். சொல்ல வேண்டியதைச் சீக்கிரமா சொல்லு.” கரை வழியா நடக்கணும். கேட் வழியா என்று சொல்லவில்லை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நிறைமதி விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மனசுக்குள் எழுதிப் பார்த்த விளக்கங்கள், வேறுபாடின்றி, உட்பட, அனைவரையும் குறிக்கும், எல்லாம் அந்தக் குளிர்ந்த அறையில் எங்கேயோ உதிர்ந்து போயிருந்தன. இவ்வளவு நாளும் அந்த ஆய்வாளருடைய வாக்கியத்துக்குள்ளேயே தனக்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தது அவளுக்கு இப்போது சிரிப்பாக வந்தது. பாதை என்றால் நடக்கத்தான், நடக்கிறவன் தன்னை யாரென்று அதற்குச் சொல்லவேண்டிய அவசியம் எங்கே வந்தது. அம்மாள் பேனாவைத் திறந்தபடியே, “என்னம்மா, தனிப்பாதைன்னு எழுதிக்கட்டுமா?” என்று இன்னொரு முறை கேட்டார்.

“வேண்டாம் மேடம்,” என்றாள் நிறைமதி. “தெருன்னு எழுதுங்க. அதுல யாரு நடக்கறாங்கன்னு எழுதாதீங்க.”